எழுதுனதைக் காட்ட ஒரு குரூப்பு வேணுமா? நெல்லைப் பக்கம் அடிக்கடி கேக்குற கேள்விகள்

நாங்க ஏழு பேரு மாசத்துக்கு ரெண்டு ஞாயித்துக்கிழமை பாளையங்கோட்டையில ஒரு வீட்டு மச்சுல கூடி, அவங்கவங்க எழுதுன கதையை நடுவுல வச்சிக்கிட்டு எங்க நல்லாருக்கு எங்க இடறுதுன்னு பேசிக்கிடுதோம். இது வெளிய தெரிஞ்ச நாள்லருந்து கல்யாண வீட்டுப் பந்தியில, பஸ்ஸுல, ரேஷன் கடை வரிசையிலன்னு யாராவது ஓரமாக் கூப்பிட்டு "நானும் கொஞ்சம் எழுதுவேன் அண்ணாச்சி"ன்னு மெதுவா ஆரம்பிக்காங்க, அதுக்கப்புறம் வர்ற சந்தேகம் எல்லாம் ஒரே சந்தேகம்தான். பதில் சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப் போச்சு, அதான் மொத்தமா எழுதிட்டேன். கேள்வியெல்லாம் அவங்க கேட்ட மாதிரியேதான் போட்டிருக்கேன்.

எழுத்தாளர் குரூப்புன்னா என்ன அண்ணாச்சி, இந்த புத்தக வெளியீட்டு விழா மாதிரியா?

அது வேற. அங்க மேடை உண்டு, பொன்னாடை உண்டு, புத்தகத்தைப் பிரிச்சே பாக்காம முக்கால் மணி நேரம் பேசுற ஆளும் உண்டு. அங்க வர்றது அச்சான புத்தகம், இனிமே குறை சொல்லி என்ன ஆகப்போகுது, அதனால எல்லாரும் நல்லதாவே சொல்லிட்டு வந்திருவாங்க. எங்ககிட்ட வர்றது பாதி வெந்த சோறு. இப்பம் சொன்னாத்தான் தண்ணி ஊத்தவோ அடுப்பைக் குறைக்கவோ முடியும்.

நம்ம ஊர்ல கூடி உக்காந்து எழுத்தைப் பத்திப் பேசுறது ஒண்ணும் புதுசு இல்ல. வண்ணார்பேட்டையில ரசிகமணி டி.கே.சி. வீட்டுல வட்டத்தொட்டி நடந்துச்சு, கம்பன் பாட்டை எடுத்து ஒவ்வொரு சொல்லா ருசிச்சாங்க, அது ரசிக்கிறவங்க கூட்டம். 1960கள் கடைசியில பேராசிரியர் நா. வானமாமலை பாளையங்கோட்டையில நெல்லை ஆய்வுக் குழுன்னு நடத்துனாரு, அங்க கட்டுரை எழுதிட்டு வந்து வாசிக்கணும், மத்தவங்க கேள்வி கேப்பாங்க, அவரு நடத்துன 'ஆராய்ச்சி' பத்திரிகைக்கு இப்படித்தான் கட்டுரைகள் தயாராச்சு. நாங்க இந்த ரெண்டாவது வகையச் சேந்தவங்க, ஆனா அந்த அளவு படிச்ச ஆளுங்க கிடையாது. ஒரு ரிட்டயர்டு டீச்சரம்மா, ஒரு நர்ஸு, ஒரு பாத்திரக்கடை அண்ணாச்சி, காலேஜ் படிக்கிற பிள்ளைங்க ரெண்டு, போஸ்ட் ஆபீஸ்ல வேலை பாக்குற தம்பி ஒருத்தன், பொறவு கணக்கெழுதுற நான், அவ்வளவுதான்.

நான் எழுத்தாளரே கிடையாது, நோட்டுல ரெண்டு கதை எழுதி வச்சிருக்கேன், நானெல்லாம் வரலாமா?

ரெண்டு கதை இருக்குல்லா, வாங்க. ஒண்ணுமே எழுதாம "எழுதணும்னு ஆசை"ன்னு மட்டும் சொல்றவங்களைத்தான் நாங்க ரெண்டு மூணு வாரம் சும்மா உக்காந்து கேளுங்கன்னு சொல்லுவோம், அதுக்குள்ள ஒண்ணு எழுதிட்டு வந்திருவாங்க இல்லைன்னா வர்றதை நிறுத்திருவாங்க. எதுன்னாலும் சரிதான்.

எங்க வீட்டுல காட்டுதேன், வாட்ஸ்அப்புல நாப்பது பேரு சூப்பர்னு போடுதாங்க, அது போதாதா?

சூப்பர்னு போடுறவங்க மேல எனக்குக் கோவம் கிடையாது, அந்த நாப்பது பேருல எத்தனை பேரு கடைசி வரைக்கும் படிச்சாங்கங்கிறதுதான் சந்தேகம். கதை முடிவுல யாரு செத்தான்னு திரும்பக் கேட்டுப் பாருங்க, பாதிப்பேரு கைகூப்புற படத்தைத்தான் அனுப்புவாங்க.

வீட்டுல காட்டுறது இன்னும் சிக்கல். என் வீட்டம்மா நல்லாவே படிப்பா, பொய்யா புகழவும் மாட்டா. ஆனா நான் எழுதுற ஆச்சி யாரு, அந்த வீடு எது, அந்த முடுக்குல மழை பெஞ்சா எங்க தண்ணி கட்டும்னு அவளுக்கு முன்னாலயே தெரியும். தாள்ல இல்லாததைக்கூடச் சேத்துப் படிச்சிருவா. எழுதுன எனக்கும் அதே வியாதிதான், மனசுல இருக்குறதெல்லாம் தாள்லயும் இருக்குன்னு நினைச்சிக்கிடுதேன். அந்த வியாதி இல்லாத ஒரு ஆளு வேணும். குரூப்புன்னு ஒண்ணு வேணும்னு நான் சொல்றதுக்குக் காரணம் இது ஒண்ணுதான், மிச்சமெல்லாம் கூட வர்ற லாபம்.

சரி, அங்க போயி உக்காந்தா என்னதான் நடக்கும்?

வியாழக்கிழமைக்குள்ள கதையை எல்லாருக்கும் அனுப்பிரணும். செல்லுல படிக்க முடியாதவங்களுக்கு ஜெராக்ஸ் எடுத்துக் குடுக்கணும். ஞாயித்துக்கிழமை மூணரை மணிக்கு எல்லாரும் பென்சிலால குறிச்சு வச்ச தாளோட வருவாங்க, எழுதுன ஆளு முதல் ஒரு பக்கத்தை மட்டும் சத்தமா வாசிக்கணும், பொறவு வாய மூடிக்கிடணும். ஒவ்வொருத்தரா சொல்லுவாங்க. ஒரு நாளைக்கு ரெண்டு கதை, மிஞ்சுனா மூணு. நடுவுல சுக்கு காப்பியும் காராச்சேவும் வரும், காராச்சேவு வந்த பொறவு விமர்சனத்துல காரம் குறைஞ்சிரும்ங்கிறது என் அனுபவம், அதனால கஷ்டமான கதையை முதல்லயே எடுத்துருவோம்.

வாசிச்சுக் காட்டுறது மட்டும் போதாதான்னு சிலபேரு கேக்காங்க. போதாது. நல்லா வாசிக்கத் தெரிஞ்சவங்க குரலை ஏத்தி இறக்கியே சுமாரான கதையைத் தூக்கி நிறுத்திருவாங்க, பத்திரிகையில படிக்கிற ஆளுக்கு அந்தக் குரல் கூடப் போகாதுல்லா. அதே சமயம் சத்தமா வாசிக்கும்போது நாக்கு எங்க தடுக்குதோ அந்த வாக்கியம் சரியில்லைன்னு எழுதுனவருக்கே தெரிஞ்சிரும். அதுக்குத்தான் அந்த ஒரு பக்கம்.

இதுல நெசமா என்ன பிரயோசனம், ஒரு உதாரணம் சொல்லுங்களேன், பொத்தாம்பொதுவா சொல்லாதீங்க

என் கதையவே சொல்லுதேன். தாத்தா செத்த பொறவு ஆச்சி எப்படி இருந்தாங்கிற கதை. முதல்ல நான் எழுதுனது இதான்: "ஆச்சி பட்டாசல்ல தனியா உக்காந்திருந்தா. அவள் கண்களில் ஆயிரம் சோகம் குடியிருந்தது." எழுதிட்டு எனக்கே கண்ணு கலங்கிருச்சு, அவ்வளவு திருப்தி.

பாத்திரக்கடை அண்ணாச்சி அந்த வரிக்குக் கீழ பென்சிலால கோடு போட்டுக்கிட்டு வந்திருந்தாரு. "ஆயிரம் சோகம்னா எப்படிவே இருக்கும், எனக்கு ஒண்ணும் தெரியல. ஆச்சி கையில என்ன வச்சிருந்தா?"ன்னு கேட்டாரு. வாயத் திறக்கக்கூடாதுன்னு விதி, ஆனாலும் என்னையறியாம "பாக்குவெட்டி"ன்னு சொல்லிட்டேன். "அவ வெத்தலை போடுவாளா?" "இல்ல, தாத்தாதான் போடுவாரு, ஆச்சி வெட்டிக் குடுப்பா." கொஞ்ச நேரம் யாரும் பேசல. டீச்சரம்மாதான், "அப்பம் அதைல்லா எழுதணும்"ன்னாங்க.

இப்பம் அந்த இடம் இப்படி இருக்கு: "ஆச்சி பட்டாசல்ல உக்காந்து பாக்கு வெட்டிக்கிட்டிருந்தா. பதினாறு விசேஷம் முடிஞ்சு மூணு நாளாச்சு. வெட்டுன பாக்கு வெத்தலைச் செல்லத்துல நிறைஞ்சு கீழ கொட்டிச்சு." சோகம்ங்கிற சொல்லே இல்ல. பாக்குவெட்டி என் மனசுல மொதல்லருந்தே இருந்துச்சு, அது தாள்ல இல்லைங்கிறதுதான் எனக்குத் தெரியல. வீட்டுல காட்டுறதைப் பத்திச் சொல்லும்போது சொன்னேன்லா அந்த வியாதி, அது இதான்.

எழுதுன ஆளு ஏன் வாய மூடிக்கிடணும்? நான் என்ன நினைச்சு எழுதுனேன்னு சொன்னாத்தானே அவங்களுக்குப் புரியும்?

நீங்க சொன்னாப் புரியும், சரி. பத்திரிகையில வந்த பொறவு ஒவ்வொரு வாசகர் வீட்டுக்கும் போயி நடையில நின்னுக்கிட்டு "அந்த மழை வந்துச்சுல்லா, அது என்னன்னா"ன்னு விளக்குவீங்களா? விளக்கம் தேவைப்படுற இடம் எதுன்னு தெரிஞ்சிக்கிடத்தான் வந்திருக்கோம், விளக்கிட்டா அந்த இடம் மறைஞ்சு போயிரும். இருபது நிமிசம் கழிச்சு உங்களுக்குப் பேச நேரம் உண்டு, அதுவரைக்கும் நோட்டுல எழுதிக்கிடுங்க. நான் பாக்குவெட்டின்னு சொன்னது விதிமீறல்தான், அதுக்கு அன்னைக்கு நான்தான் காராச்சேவு வாங்குனேன்.

ஒருத்தரு நீளம்ங்காரு, ஒருத்தரு இன்னும் எழுதணும்ங்காங்க, யாரு சொல்றதத்தான் கேக்க?

இதைத்தான் ரொம்பப் பேரு கேக்காங்க, ரெண்டு மூணு தடவை வந்துட்டு நின்னு போறவங்களும் இந்தக் குழப்பத்துலதான் நிக்காங்க. நான் வச்சிருக்க கணக்கு என்னன்னா, இடறுன இடத்தை நம்பணும், சொன்ன வைத்தியத்தை அப்படியே எடுத்துக்கிடக்கூடாது. வயித்து வலின்னு போறவரு சொல்ற வலி உண்மை, ஆனா "எனக்கு அல்சர்தான் டாக்டர்"ன்னு அவரே சொன்னா டாக்டர் அதைக் கேட்டுக்கிடுவாரு, மருந்து தன் யோசனைப்படிதான் எழுதுவாரு.

நர்ஸு தங்கச்சி ஒரு கதை கொண்டாந்தா, நைட் டூட்டி வார்டுல ஒரு கிழவரு. ரெண்டாம் பக்கத்துல ஒருத்தரு "இது இழுக்குது, வெட்டிருங்க"ன்னாரு, இன்னொரு பிள்ளை "இந்த இடம் இன்னும் விளக்கமா வேணும்"னு சொல்லிச்சு. நேர் எதிரா இருக்கு, ஆனா ரெண்டு பேரும் விரலை வச்சது ஒரே பத்தியில. பாத்தா அங்க அந்தக் கிழவருக்கு மகன் வரலைங்கிற விசயத்தைச் சொல்லாம விட்டுட்டு மருந்துப் பேரா எழுதிருந்தா. அது தெரியாததுனால ஒருத்தருக்கு சலிப்பு, இன்னொருத்தருக்குப் பசி. அவ வெட்டவும் இல்ல நீட்டவும் இல்ல, மகனோட செல் நம்பரைக் கிழவரு திரும்பத் திரும்பச் சொல்றாருன்னு ஒரு வரி வச்சா, சரியாப் போச்சு.

ஏழு பேருல ஒருத்தர் மட்டும் ஒண்ணு சொன்னா அவரோட ரசனையா இருக்கலாம், யோசிச்சுட்டு விட்டிரலாம். மூணு பேரு ஒரே இடத்துல நின்னா, நீங்க எவ்வளவு ஆசையா எழுதுன வரியா இருந்தாலும் அங்க ஏதோ கல்லு கிடக்குன்னு அர்த்தம்.

எனக்கு இலக்கணமே தெரியாது, மத்தவங்க கதைக்கு நான் என்னத்தைச் சொல்ல?

ஒற்று மிகுமா மிகாதான்னு சொல்ல டீச்சரம்மா இருக்காங்க. உங்ககிட்ட நாங்க கேக்குறது வேற. எந்த இடத்துல செல்லை எடுத்துப் பாக்கணும்னு தோணிச்சு, யாரு பேசுறான்னு எங்க குழம்புனீங்க, எதைப் படிச்சிட்டு மேல பாத்து ஒரு நிமிசம் உக்காந்தீங்க. இது போதும். "நல்லாருக்கு"ன்னு சொன்னா எங்க ஆளுங்க விடமாட்டாங்க, எது நல்லாருக்குன்னு விரல் வச்சுக் காட்டணும். அதையும் சொல்லியே ஆகணும், ஏன்னா நல்லா வந்த இடம் எதுன்னும் எழுதுனவனுக்குத் தெரியாது, திருத்துறேன்னு அதையே அழிச்சிருவான்.

இன்னொண்ணு, வந்து ஒரு வருசம் ஆன பொறவு தெரியும். நம்ம கதைக்கு மத்தவங்க சொன்னதைவிட, மத்தவங்க கதையில தப்பு எங்கன்னு தேடுனதுதான் அதிகம் கத்துக்குடுக்கும். அடுத்தவரு கதையில "ஆயிரம் சோகம்" வந்தா நமக்கு உடனே தெரியுது, பொறவு நம்ம தாள்ல அதை எழுதும்போது கை தானா நிக்குது.

அவங்க சொன்னதைக் கேட்டு வீட்டுக்கு வந்து அழுதுட்டேன், இனிமே வரணுமான்னு இருக்கு

ஒரு வாரம் அந்தத் தாளைத் தொடாதீங்க. பீரோவுக்கு மேல தூக்கிப் போடுங்க. சொன்ன அன்னைக்கு எல்லாமே திட்டுற மாதிரிதான் கேக்கும், எட்டு நாள் கழிச்சு அதே பென்சில் குறிப்பைப் பாத்தா "அட, சரியாத்தான கேட்டிருக்காரு"ன்னு பாதி தோணும், மிச்சப் பாதிக்கு இப்பவும் கோவம் வரும். கோவம் வர்றதை விட்டிருங்க.

ஆனா ஒண்ணு, கதையைச் சொல்றதுக்கும் ஆளைச் சொல்றதுக்கும் வித்தியாசம் உண்டு. "இந்தப் பத்தி நிக்கல"ன்னு சொன்னா பொறுத்துக்கிடணும். "உனக்கெல்லாம் எதுக்கும்மா எழுத்து, வீட்டைப் பாரு"ன்னு சொன்னா அதைப் பொறுக்க வேண்டியதில்ல. எங்ககிட்ட ஒருத்தரு காலேஜ் பிள்ளைட்ட அப்படிப் பேசுனாரு, அடுத்த தடவைலருந்து அவருக்கு நாங்க தகவல் சொல்லல.

தனியா எழுதுறவன்தான் பெரிய எழுத்தாளன், கூட்டம் சேக்கிறவன் எழுத மாட்டான்னு எங்க மாமா சொல்லுதாரு

மாமா சொல்றதுல பாதி நியாயம், கூட்டம் கூட்டமாவே சுத்துறவங்க எழுதி நானும் பாத்ததில்ல. எழுதுறது தனியாத்தான். காட்டுறதுக்குத்தான் ஆளு வேணும். தொல்காப்பியத்தையே அதங்கோட்டாசானுக்குக் குத்தம் குறை இல்லாம விளக்கிக் காட்டித்தான் அரங்கேத்துனாங்கன்னு பாயிரம் சொல்லுது. அந்த அதங்கோடு நம்ம தெக்கத்திப் பக்கம்தான்னு சொல்லுவாங்க.

கோவில்பட்டி பக்கம் இடைசெவல் எவ்வளவு சின்ன ஊரு. அங்கருந்து கு. அழகிரிசாமி, கி. ராஜநாராயணன்னு ரெண்டு பேரு, சின்ன வயசுலருந்தே சேக்காளிங்க, கடிதம் கடிதமா எழுதிக்கிட்டவங்க. ஒருத்தருக்கு 1970லயும் இன்னொருத்தருக்கு 1991லயும் சாகித்ய அகாதமி. (அவங்க எழுத வந்த காலத்துல அது எங்க திருநெல்வேலி மாவட்டம், 1986லதான் தூத்துக்குடிய பிரிச்சாங்க, அதனால எங்க கணக்குலயும் அவங்க உண்டு.) மாமாகிட்ட சொல்லுங்க, ரெண்டு பேரு இருந்தாலே குரூப்புதான்.

நேரா ஒரு பெரிய எழுத்தாளர்கிட்டயே காட்டிட்டா என்ன?

காட்டலாம், அவங்களுக்கு நேரம் இருந்தா. டவுன்ல சுடலைமாடன் கோயில் தெருவுல விமர்சகர் தி.க.சி. இருந்தவரைக்கும் முகம் தெரியாத பிள்ளைங்க கதை பத்திரிகையில வந்தாக்கூட படிச்சிட்டு ஒரு கார்டு போட்டிருவாரு, அந்த கார்டை வச்சிருக்கவங்க தமிழ்நாடு பூரா உண்டு. 2014ல அவரு போயிட்டாரு. அப்படி ஒரு ஆளு எல்லாக் காலத்துலயும் கிடைக்காது. பெரியவங்ககிட்ட காட்டுறதுல இன்னொரு சங்கடமும் உண்டு, அவரு சொல்லிட்டா அதுதான் தீர்ப்புன்னு நாம எடுத்துக்கிடுவோம், எதிர்த்து யோசிக்கவே மாட்டோம். பாத்திரக்கடை அண்ணாச்சி சொன்னா "போங்க அண்ணாச்சி"ன்னு சொல்லலாம்.

ஏஐட்ட குடுத்தாலே அது தப்பெல்லாம் சொல்லுதே, பிறகு எதுக்கு ஞாயித்துக்கிழமை அலைச்சல்?

காலேஜ் பிள்ளைங்க ரெண்டும் இதைத்தான் கேட்டுச்சு. எழுத்துப்பிழை பாக்க வச்சுக்கிடுங்க, தப்பில்ல. என் ஆச்சி கதையை அந்தப் பிள்ளைங்களே அதுல போட்டுப் பாத்துச்சு. பழைய "ஆயிரம் சோகம்" வரியை "உணர்வுபூர்வமான வெளிப்பாடு"ன்னு பாராட்டிருச்சு. அண்ணாச்சிக்கு அந்த வரியில கொட்டாவி வந்துச்சு. எனக்கு வேண்டியது அந்தக் கொட்டாவிதான், மிசினுக்கு அது வராதுல்லா.

என் கதையை யாராவது சுட்டுட்டா?

பயம் நியாயம்தான். ஆனா எழுதி முடிச்ச உடனேயே அந்த எழுத்துக்குக் காப்புரிமை உங்களுக்கு வந்திருது, 1957ஆம் வருசத்துச் சட்டம் அப்படித்தான் இருக்கு, பதிவு பண்ணித்தான் ஆகணும்னு கட்டாயம் இல்ல, உங்க காலத்துக்குப் பொறவும் 60 வருசம் உங்க பிள்ளைகளுக்கு உண்டு. என்னைக்கு யாருக்கு அனுப்புனீங்கங்கிறது மெயில்லயும் வாட்ஸ்அப்புலயும் தேதியோட கிடக்கும். சட்டம் காப்பாத்துறது எழுதுன விதத்தை, கருவை இல்ல. "மாமியார் மருமகள் சண்டை"ங்கிற கருவை யாரும் பட்டா போட முடியாது.

சுடுறதைவிட நான் அதிகம் பாக்குற தப்பு வேற. குரூப்புல காட்டி நல்லா வந்த கதையை ஆர்வத்துல ஃபேஸ்புக்குல போட்டுட்டு, பொறவு போட்டிக்கு அனுப்புவாங்க. பெரும்பாலான போட்டியும் பத்திரிகையும் வேற எங்கயும் வெளியாகாத கதைன்னு உறுதிமொழி கேக்கும். நாலு பேரு மச்சுல படிச்சது வெளியீடு ஆகாது, ஊருக்கே திறந்து போட்டது ஆகிரும்.

நகல் பல பேருகிட்ட இருக்குறதுல ஒரு நல்லதும் உண்டு. 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்துல டீச்சரம்மா வீட்டுக்குள்ள இடுப்பளவு தண்ணி, கையெழுத்துல எழுதுன நோட்டு ஒம்பதும் களிமண்ணாப் போச்சு. எங்ககிட்ட இருந்த ஜெராக்ஸ் தாளெல்லாம் சேத்தோம், பதினோரு கதை மிஞ்சுச்சு. எல்லாத்துலயும் எங்க பென்சில் கிறுக்கல். "திட்டுனதோட சேத்துத் திருப்பித் தந்துட்டீங்க"ன்னு சிரிச்சாங்க.

பொம்பளைப் பிள்ளைங்க வரலாமா? ராத்திரி ஆகிருமே

அதுக்குத்தான் மூணரை மணி. முன்னாடி ஆறு மணிக்கு வச்சிருந்தோம், அப்பம் ஆம்பளைங்க மட்டும்தான் வந்தோம், ஏன்னு ரெண்டு வருசம் எங்களுக்குப் புரியவே இல்ல. டீச்சரம்மா ஒருநாள் வந்து "அம்பாசமுத்திரத்துலருந்து வர்றவ கடைசியில எந்த பஸ்ஸைப் பிடிப்பா?"ன்னு கேட்டாங்க. அஞ்சரைக்கு இப்பம் முடிச்சிருதோம். வரவே முடியாதவங்க வீடியோ கால்ல வரலாம், சிக்னல் போயிட்டா எழுதி அனுப்பலாம்.

நம்ம ஊரு பேச்சுலயே எழுதுதேன், வெளியூர்க்காரங்க புரியலைன்னா மாத்தணுமா?

எங்ககிட்ட கொஞ்சநாள் ஒரு சென்னைத் தம்பி வந்தான், வேலை மாத்தலாகி வந்தவன். தார்சான்னா என்ன, அங்கணம்னா என்னன்னு கேட்டுக்கிட்டே இருப்பான். முதல்ல எரிச்சலா இருந்துச்சு, பொறவு அவனாலதான் ஒரு விசயம் பிடிபட்டுச்சு. "ஆச்சி தார்சாவுல படுத்திருந்தா, தெருவுல போறவங்கள்லாம் நலம் விசாரிச்சாங்க"ன்னு எழுதுனா அவனுக்குச் சொல்லு தெரியலைன்னாலும் இடம் புரிஞ்சுச்சு. "தார்சா இருட்டா இருந்துச்சு"ன்னு மட்டும் எழுதுனா புரியல. சொல்லை மாத்தல, அதைச் சுத்தி ஒரு ஆளை நடமாட விட்டோம். அடைப்புக்குள்ள அர்த்தம் போடுறது மட்டும் வேண்டாம், கதை பாடப்புத்தகம் ஆகிரும்.

சொந்தக்காரங்களைப் பத்தி, சாதிச் சண்டையைப் பத்தியெல்லாம் எழுதுனா ஊர்ல பிரச்சனை வராதா? அதை ஏழு பேரு முன்னாடி எப்படி வைக்க?

வரலாம். இந்த ஊர்ல வராதுன்னு சொன்னா அது பொய். அதனாலயே முதல்ல ஏழு பேருகிட்ட காட்டுறது நல்லது. அங்க இருக்கவங்க எல்லாரும் ஒரே தெரு, ஒரே ஆளுங்களா இருந்தா பிரயோசனம் இல்ல, எங்ககிட்ட பல பக்கத்து ஆளுங்க உண்டு. ஒரு தடவை நான் கதையில ஒருத்தரை மட்டமாக் கூப்பிடுற ஒரு சொல்லை விளையாட்டா எழுதிருந்தேன், போஸ்ட் ஆபீஸ் தம்பி தாள்ல பென்சில் குறி எதுவும் போடாம, "எங்க அப்பாவை இப்படித்தான் கூப்பிடுவாங்க"ன்னு மட்டும் சொன்னான். எனக்கு மூஞ்சில அடிச்ச மாதிரி ஆயிருச்சு. அந்தக் கதாபாத்திரம் அப்படித்தான் பேசுவான், அதனால சொல்லை எடுக்கல. ஆனா கேக்குற ஆளு முகம் எப்படிப் போச்சுன்னு ஒரு வரிகூட எழுதாம கடந்து போயிருந்தேன், அதை எழுதுனேன்.

சொந்தக்காரங்க விசயத்துல, "இது யாருன்னு தெரியுதா?"ன்னு குரூப்புலயே கேட்டிருங்க. பேரை மாத்துனா போதும்னு நினைக்கோம், ஆனா ஒத்தைக் காது கம்மலும் சைக்கிள் கடையும் அப்படியே இருந்தா ஊரே கண்டுபிடிச்சிரும். பேச்சு மச்சைவிட்டுக் கீழ இறங்கக்கூடாதுங்கிறது எங்க எழுதாத விதி.

எல்லாரும் சொல்றதைக் கேட்டு மாத்தி மாத்தி எல்லார் கதையும் ஒரே மாதிரி ஆயிராதா?

இது நல்ல கேள்வி, எனக்கும் உள்ளூர இந்த பயம் உண்டு. நாலாவது வருசம் எங்க கதைங்க எல்லாத்துலயும் கடைசி வரியில யாராவது எதையாவது வெறிச்சுப் பாத்துக்கிட்டு நின்னாங்க. டீச்சரம்மாவுக்கு அப்படி முடிச்சாப் பிடிக்கும், அவங்க பாராட்டுவாங்கன்னு எங்களையறியாம எல்லாரும் அங்கயே போயி நின்னுட்டோம். ஒரு பிள்ளைதான் எல்லாக் கதையோட கடைசி வரியையும் வரிசையா எழுதி வாசிச்சுக் காட்டிச்சு, சிரிச்சு மாளல.

வைத்தியத்தை எடுத்துக்கிடாதீங்கன்னு மேல சொன்னேன்லா, அதை ஒழுங்காக் கடைப்பிடிச்சாலே பாதி தப்பிச்சிரலாம். மிச்சத்துக்கு, வருசத்துக்கு ஒரு புது ஆளாவது உள்ள வரணும். ரெண்டு கதைக்கு ஒரு கதை யாருகிட்டயும் காட்டாம நேரா அனுப்பிப் பாருங்க. எல்லாத்துக்கும் குரூப்பு தலையாட்டினாத்தான் அனுப்புவேன்னு ஆயிருச்சுன்னா கொஞ்சநாள் வராம இருக்குறதுதான் நல்லது, நானே ஆறு மாசம் போகாம இருந்தேன்.

நாவல் எழுதுதேன், அதை எப்படி காட்ட?

மூணு மூணு அத்தியாயமாக் குடுங்க, முன்னாடி நடந்ததை அரைப் பக்கத்துல எழுதி ஒட்டுங்க, இல்லைன்னா யாரு யாருக்கு மைனின்னே எங்களுக்கு மறந்து போயிருது. ஆனா பாதி எழுதும்போதே காட்டாதீங்க, கடைசி வரைக்கும் ஒரு தடவை எழுதி முடிச்சிட்டு வாங்க. நடுவுல காட்டுனா மூணாவது அத்தியாயத்தையே மூணு வருசம் திருத்துவீங்க. பாத்திரக்கடை அண்ணாச்சி இன்னும் திருத்திக்கிட்டுதான் இருக்காரு.

காசு ஏதும் உண்டா?

ஜெராக்ஸும் காராச்சேவும்தான்.

எப்பம் போதும்னு நிறுத்தி அனுப்ப?

சண்டை சின்னதாகும்போது. ஆச்சி கதையை மூணு தடவை காட்டினேன். முதல் தடவை "ஆயிரம் சோகம்" போச்சு, ரெண்டாந்தடவை நடுவுல ஒரு கல்யாண வீட்டுக் காட்சி முழுசாப் போச்சு, மூணாந்தடவை செல்லத்துல வெட்டுன பாக்கை வைப்பாங்களா முழுப் பாக்கை வைப்பாங்களான்னு அரை மணி நேரம் சண்டை. அண்ணாச்சி எந்திரிச்சு "சவத்தை அனுப்பும்வே"ன்னுட்டாரு.

அனுப்புனேன். ஒரு பத்திரிகையிலருந்து பதிலே இல்ல, இன்னொண்ணுல நாலு மாசம் கழிச்சு வந்துச்சு. பாக்கு, செல்லம் எல்லாம் அப்படியே இருந்துச்சு, ஆச்சியை மட்டும் எல்லா இடத்துலயும் "பாட்டி"ன்னு மாத்திருந்தாங்க.